பட்டியலில் கீழே இருக்கும் டிரைவர்

பாலோ,
20 செப்டம்பர் 2025

அட்ரியனுக்கு,

போனில் பேச மாட்டேன். நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ இரண்டு வாக்கியம் பேசிவிடுகிறாய். கடிதத்தில் அது நடக்காது. நான் முடிக்கும்வரை நீ வாயை மூடிக்கொண்டு படித்தாக வேண்டும். பதிலையும் கடிதமாகவே எழுது. உன்னைத் தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடம் படிக்க வைத்தேன், என்ன மிச்சமிருக்கிறது என்று பார்க்கிறேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பிற்பாடு "நான் அப்படிச் சொல்லவே இல்லம்மா" என்று சொல்லக்கூடாது.

மலேசிய தின விடுமுறைக்கு ஜொகூர் பாருவிலிருந்து வந்தாய். நான் கோழி வாங்கச் சந்தைக்குப் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் என் கணினியில் இருந்த பழைய விண்டோஸை எடுத்துவிட்டுப் புதியதைப் போட ஆரம்பித்துவிட்டாய். கேட்டாயா? இல்லை. நான் கோழிப் பையோடு வாசலில் நிற்கும்போது திரையில் எழுபத்திரண்டு சதவிகிதம் ஓடிக்கொண்டிருந்தது. "அக்டோபரோட பழசுக்கு பாதுகாப்பு நின்னுடும்மா" என்றாய். எழுபத்திரண்டு சதவிகிதத்தில் ஒரு மனுஷி என்ன செய்ய முடியும்?

என் கணினியில் இரண்டு வழி உண்டு என்பது உனக்குத் தெரியும். பொத்தானை அழுத்தியதும் கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வரும். மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ். பத்து வினாடி காத்திருக்கும். எதையும் தொடாவிட்டால் லினக்ஸ் ஓடும். அதில்தான் ஸ்டிக்கர் எழுத்து வெட்டும் என் இயந்திரத்தை ஓட்டுகிறேன். லாரிக் கதவுக்குப் பெயர், கல்யாணப் பலகை, கல்லறைச் சிலுவை எல்லாம் அதில்தான். விண்டோஸ், கோவில் ஆட்கள் அனுப்பும் கோப்புகளுக்கும் உன் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கும். அவசரத்துக்கு அந்தப் பக்கத்திலும் இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நீ கார் ஏறிப் போனபின் பட்டியல் வரவே இல்லை. நேராக விண்டோஸ். அதில் இயந்திரத்தைச் செருகினால் ஒரு மஞ்சள் முக்கோணம், நடுவில் ஆச்சரியக்குறி. டிரைவர் ஒத்துவரவில்லையாம். உனக்குப் போன் செய்தேன். "பழைய மெஷின்மா, தூக்கிப் போட்டுடுங்க. உங்களுக்கு எதுக்கு இனிமே வேலை? ஜேபிக்கு எங்ககூட வந்துடுங்க" என்றாய்.

அப்போது நான் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். கல்லறைத் திருநாள் நவம்பர் இரண்டு. அதற்குள் என் கையால், யாரும் வந்து தொடாமல், இரண்டு பக்கத்திலும் இந்த இயந்திரத்தை ஓட்டுவேன். ஓட்டவில்லை என்றால் வீட்டைப் பூட்டிச் சாவியை உன் கையில் கொடுத்துவிட்டு உன் அடுக்குமாடிக்கு வருகிறேன். ஓட்டிவிட்டால் இந்தப் பேச்சை நீ மறுபடி எடுக்கக்கூடாது. அதோடு குழாயடியில் பாசி பிடிக்கும் தரையை உடைத்து, சொரசொரப்பாகச் சிமெண்டு போட்டுத் தர வேண்டும். உன் கையால். ஆள் வைக்கக்கூடாது.

முப்பத்தொரு குடும்பம் இந்த வருடம் சிலுவையில் புதிதாக ஒட்டப் பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முப்பத்திரண்டாவது உன் அப்பா.

சூசையம்மாள்


ஜொகூர் பாரு,
28 செப்டம்பர் 2025

அம்மா,

லெட்டர் கெடைச்சுச்சு. அன்புள்ளன்னுகூட போடலையே. உங்க மருமக அபிகெயில் படிச்சுட்டு ரொம்ப நேரம் சிரிச்சா. நான் சிரிக்கல.

பஸ்ல ஒக்காந்து எழுதறேன். சிங்கப்பூர்லேர்ந்து திரும்பி வர்ற ஜாம், பாலத்துல வண்டி நகரவே இல்ல. எழுத்து கோணலா இருந்தா திட்டாதீங்க.

நான் வேணும்னு ஒண்ணும் பண்ணல. பழைய விண்டோஸ வச்சிருந்தா வைரஸ் வரும், திருட்டுப் பசங்க உள்ள பூருவாங்க. என் ஆபீஸ்ல எல்லா மெஷினையும் நான்தான் மாத்தினேன். உங்களுதயும் மாத்தினேன், அவ்ளோதான். அப்கிரேட் பண்ணா சில சமயம் அந்தப் பட்டியல் தானா போயிடும்மா. அது யார் தப்பும் இல்ல.

டிரைவர் விஷயம் கேளுங்க. டிரைவர்னா கம்ப்யூட்டருக்கும் மெஷினுக்கும் நடுவுல இருக்கிற சின்ன புரோகிராம். உங்க மெஷினோட கேபிள்ள நடுவுல குண்டா ஒரு கட்டி இருக்கு இல்ல, அதுக்குள்ள ஒரு சிப். அது ரொம்ப பழசு. புது டிரைவர் அதைப் பாத்துட்டு "ஒன்ன எனக்குத் தெரியாது, போ"ன்னு சொல்லுது. நாம சண்டை போட்டு ஒண்ணும் ஆகாது லா.

நிஜமான விஷயத்த நீங்க எழுதவே இல்ல. ஆகஸ்ட்ல குழாயடில விழுந்தீங்க. பக்கத்து வீட்டுச் செல்லம் அக்கா துணி காயப்போட வந்து பாக்கிற வரைக்கும் ரெண்டு மணி நேரம் அங்கயே கெடந்தீங்க. எனக்குப் போன் வந்தப்ப நான் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போற கஸ்டம்ஸ் லைன்ல நின்னேன். முன்னாலயும் போக முடியல, பின்னாலயும் போக முடியல. அந்த லைன்ல நின்னது எனக்குத்தான் தெரியும்.

பந்தயம் நீங்க போட்டது. எனக்குச் சரி. நவம்பர் ரெண்டு. ரெண்டு பக்கமும்.

அட்ரியன்


பாலோ,
5 அக்டோபர் 2025

அட்ரியனுக்கு,

டிரைவர் என்றால் என்ன என்று எனக்கு விளக்குகிறாய். முப்பத்தாறு வருடம் ஒரு டிரைவரோடு குடும்பம் நடத்தியவள் நான். உன் அப்பா செம்பனைக் குலை லாரியை ஓட்டியபோது தோட்ட நிர்வாகம் புது லாரி, புது வழி, புது நேரம் என்று எத்தனை கொண்டுவந்தது. அவரையும் யாராலும் அப்டேட் செய்ய முடியவில்லை.

விழுந்ததைப் பற்றி: வழுக்கியது பாசியால், வயதால் அல்ல. இருபது வயதுக்காரி அங்கே கால் வைத்திருந்தாலும் விழுந்திருப்பாள். அதனால்தான் சிமெண்டு கேட்டேன். நான் சிமெண்டு கேட்டால் நீ அடுக்குமாடி தருகிறாய்.

இப்போது பட்டியல் விஷயம். "தானா போயிடும்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மூன்று முறை படித்தேன்.

கணினி எழும்போது F2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் விண்டோஸும் இல்லாத, லினக்ஸும் இல்லாத ஓர் அடித்தளத் திரை வரும். எது முதலில் எழ வேண்டும் என்பதை அங்கேதான் முடிவு செய்வார்கள். நான் போய்ப் பார்த்தேன். 'பாதுகாப்பான துவக்கம்' என்று ஒன்று இருக்கிறது. ஆறு வருடமாக அதை அணைத்தே வைத்திருக்கிறேன், என் லினக்ஸுக்கு அது ஆகாது. என் நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். இப்போது அது எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே இருந்த வரிசையில் லினக்ஸுக்கு நேரே இருந்த குறியைக் காணோம்.

அந்தத் திரைக்குள் நுழையக் கடவுச்சொல் வேண்டும், அட்ரியன். அது உன் அப்பாவின் லாரி எண். உலகத்தில் அது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி கோழி வாங்கப் போயிருந்தாள்.

அப்கிரேடுக்கு உன் அப்பாவின் லாரி எண் தெரியுமா?

பாதுகாப்பை அணைத்தேன். குறியைத் திரும்பப் போட்டேன். பட்டியல் வந்துவிட்டது. லினக்ஸில் இயந்திரத்தைச் செருகினேன், முக்கோணமும் இல்லை, முணுமுணுப்பும் இல்லை. அந்தக் கேபிளை அது ஒரு கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது. ஆனால் நான் வரைந்த எழுத்துகளைக் கோப்பாக வைத்திருக்கும் பெட்டி திறக்க மறுக்கிறது. அது விண்டோஸ் பக்கத்து வட்டில் இருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று நான்தான் அங்கே வைத்தேன். இப்போதைக்கு பென்டிரைவில் நகல் எடுத்து வேலை செய்கிறேன். அது குறுக்கு வழி. குறுக்கு வழியைச் சரி செய்தது என்று நான் கணக்கில் வைக்க மாட்டேன்.

நீ செய்ததைச் செய்தேன் என்று எழுத்தில் எழுதி அனுப்பு.

சூசையம்மாள்


ஜொகூர் பாரு,
11 அக்டோபர் 2025

அம்மா,

ஆமா. நான்தான்.

புதுசு உள்ள ஏறணும்னா அந்தப் பாதுகாப்பு இருக்கணும்னு கேட்டுச்சு. லாரி நம்பர் போட்டு உள்ள போனேன். அத ஆன் பண்ணதும் உங்க லினக்ஸ் எழும்ப மாட்டேன்னுச்சு, செவப்புல ஏதோ எர்ரர். நீங்க பாத்தா பயந்துடுவீங்கன்னு நெனச்சேன். அதான் அந்தக் குறிய எடுத்துட்டேன். ஒரே வழி இருந்தா கொழப்பம் இருக்காதுன்னு தோணுச்சு.

இப்ப எழுதும்போது, நான் என்ன நெனச்சேன்னு எனக்கே நல்லாத் தெரியுது. நீங்க ஜேபிக்கு வரணும்னு நெனச்சேன். மெஷின் ஓடலன்னா வேலை நிக்கும், வேலை நின்னா நீங்க அங்க இருக்க காரணம் இல்ல. அப்பா லாரி நம்பர அடிக்கும்போது கை கொஞ்சம் நின்னுச்சு. ஆனா அடிச்சேன்.

பொய் சொன்னது தப்பு. ஆனா நான் பயந்தது தப்பில்ல.

இதோட ஒரு அட்டை டியூப் அனுப்பறேன். நீங்க கோவில் வாட்ஸப்புல போட்ட முப்பத்தொரு பேரோட லிஸ்ட எடுத்து, அப்பா பேரையும் சேத்து, இங்க எங்க தாமான் குடியிருப்புல ஒரு சைன்போர்டு கடைல குடுத்து ஸ்டிக்கரா வெட்டிட்டேன். பெரிய மெஷின், சுத்தமா வெட்டியிருக்காங்க. நீங்க குனிஞ்சு குனிஞ்சு வெட்ட வேணாம். ஒட்டினா போதும். இது பந்தயத்துக்கு இல்ல. சும்மா, சமாதானத்துக்கு.

அட்ரியன்


பாலோ,
17 அக்டோபர் 2025

அட்ரியனுக்கு,

ஒப்புக்கொண்டதைப் படித்தேன். நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

டியூபைச் செல்லம் முன்னிலையில் பிரித்தேன். நல்லவேளை, ஒரு சாட்சி இருந்தாள். முதலில் விரித்தது உன் அப்பா பெயர். செல்லம் குனிந்து பார்த்துவிட்டு, "ஏங்க்கா, அண்ணன் பேர் நடுவுல என்ன இது, கோழி முட்டையா?" என்றாள்.

நீ பார்த்திருக்க மாட்டாய். ஆதலால் சொல்கிறேன். 'செபஸ்தியான்' என்று நீ அனுப்பினாய். கடைக்காரனின் கணினிக்குத் தமிழ் எழுத்தைச் சேர்க்கத் தெரியவில்லை. கொம்பு ச-வுக்கு முன்னால் வர வேண்டும். அவன் கணினி ச-வை முதலில் வைத்து, கொம்பைப் பின்னால் தனியாகத் தள்ளி, அதற்குத் துணையாகப் புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தையும் வரைந்திருக்கிறது. அவன் இயந்திரமும் அந்தப் புள்ளிகளை ஒன்றுவிடாமல் சுத்தமாக வெட்டியிருக்கிறது. சுத்தத்தில் குறையில்லை. யோசேப்புக்கு இரண்டு வட்டம். லூர்து மேரிக்கு ஒரு வட்டம். பேதுரு தாத்தாவுக்கு முதல் எழுத்திலேயே வட்டம்.

கடைக்காரன் சீனன், அவனுக்குத் தமிழ் தெரியாது, அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆறு வருடம் தமிழ் படித்தவன் டியூபைத் திறந்துகூடப் பார்க்காமல் தபாலில் போட்டிருக்கிறான்.

செத்தவர்கள் திருத்தச் சொல்லிக் கேட்க மாட்டார்கள். அதனால்தான் நான் பெயர்களைத் தட்டச்சு செய்வதில்லை. ஒவ்வொரு எழுத்தையும் நானே வரைந்து வைத்திருக்கிறேன். உன் அப்பாவின் லாரிக் கதவில் தூரிகையால் எழுதிய அதே எழுத்துகள். கொம்பை நானே எடுத்து, எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைக்கிறேன். யாருடைய கணினியும் அதைத் தள்ளிவிட முடியாது. உன் டியூபைத் திருப்பி அனுப்பவில்லை. பின்பக்கத் தாள் நன்றாக இருக்கிறது. அதில் கருவாடு சுற்றுகிறேன்.

இரண்டாவது பூட்டும் திறந்துவிட்டது. என் எழுத்துப் பெட்டி ஏன் லினக்ஸில் திறக்கவில்லை என்று எட்டு நாள் படித்தேன். ஆங்கிலத்தில் இருந்தது, அகராதி வைத்துப் படித்தேன். புது விண்டோஸை அணைத்தால் அது அணைவதில்லையாம். சீக்கிரம் எழ வேண்டும் என்பதற்காக அரைத் தூக்கத்தில் கிடக்கிறது, வட்டின் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டே. அதனால் லினக்ஸ் வந்து கதவைத் தட்டினால் திறப்பதில்லை. பழையதில் நான் இதை நிறுத்தி வைத்திருந்தேன். உன் அப்கிரேடு மறுபடி தொடங்கிவைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எழுப்பினால் நீ கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடப்பாயே, அதே நடிப்பு. மின்சார அமைப்புக்குள் போய் 'வேகத் துவக்கம்' என்ற குறியை எடுத்தேன். இப்போது அணைத்தால் அணைகிறது. பெட்டி திறக்கிறது. பென்டிரைவை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன்.

லினக்ஸ் பக்கம் முடிந்தது. முப்பத்தொரு பெயரும் அதில் வெட்டி முடித்துவிட்டேன். மிச்சம் ஒன்றுதான்: விண்டோஸில் அந்த மஞ்சள் முக்கோணம். உன் அப்பா பெயரை அந்தப் பக்கத்தில்தான் வெட்டுவேன். இல்லாவிட்டால் இந்த வருடம் அவர் சிலுவையில் பெயர் இருக்காது. நீ அதைப் பார்த்துவிட்டு என்னை அழைத்துக்கொண்டு போகலாம்.

சூசையம்மாள்


ஜொகூர் பாரு,
23 அக்டோபர் 2025

அம்மா,

அந்த வட்டத்தப் படிச்சுட்டு அலமாக்னு தலைல கை வச்சுட்டேன். கடைல ஒரு எட்டு நின்னு பாத்திருக்கணும். மன்னிச்சுடுங்க. அப்பாகிட்டயும் சொல்லிடுங்க.

இன்னொண்ணு சொல்லணும். இத எழுதிக் கிழிச்சு, மறுபடி எழுதறேன்.

மஞ்சள் முக்கோணத்துக்கு வழி எனக்குத் தெரியும். செப்டம்பர்லயே தெரியும். ஆபீஸ்ல இதே மாதிரி ஒரு பழைய கேபிள், இதே முக்கோணம், நான் பத்து நிமிஷத்துல சரி பண்ணேன். உங்ககிட்ட தூக்கிப் போடுங்கன்னு சொன்னப்பவே தெரியும்.

உங்க லெட்டர் செவ்வாக்கெழம வந்துச்சு, தீபாவளிக்கு மறுநாள். நான் அந்த லெட்டர பாக்கெட்லயே வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். நான் சொல்லலன்னா நீங்க தோத்துடுவீங்க. எனக்கு நிம்மதி. சொன்னா நான் தோத்துடுவேன். மூணு நாள் அப்படியே போச்சு. அபிகெயில் கேட்டா, "நீங்க ஜெயிச்சுட்டா அவங்க இங்க வந்து எந்த மூஞ்சோட ஒக்காந்திருப்பாங்க, அத யோசிச்சீங்களா?" ஒரு தட்டு கழுவி முடிக்கிறதுக்குள்ள கேட்டுட்டுப் போயிட்டா.

சரி, எழுதிக்குங்க. சாதன மேலாளர்னு இருக்கும், அதத் தொறங்க. மஞ்சள் முக்கோணத்து மேல மவுஸ வச்சு வலது பக்கம் அழுத்தி 'டிரைவரைப் புதுப்பி'. தானாத் தேடுன்னு குடுக்காதீங்க, அது மறுபடி புதுசத்தான் கொண்டாரும். 'என் கணினியில் உள்ள பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன்'னு ஒண்ணு கீழ இருக்கும், அதக் குடுங்க. ஒரே பேர்ல ரெண்டு டிரைவர் காட்டும், தேதி வேற வேற. மேல இருக்கிறது புதுசு. கீழ இருக்கிறது பழசு. பழச எடுங்க. அப்கிரேடு அத அழிக்கல, ஓரமாத்தான் தள்ளி வச்சிருக்கு.

அவ்ளோதான்மா. நாளைக்குக் காலைல தபால்ல போடறேன்.

அட்ரியன்


பாலோ,
24 அக்டோபர் 2025

அட்ரியனுக்கு,

முக்கோணம் போய்விட்டது.

உன் கடிதத்துக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் தேதி முக்கியம். இன்று வெள்ளிக்கிழமை. முதலில் போனது புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு. செல்லம் சாட்சி. அவளிடம் கையெழுத்துக்கூட வாங்கியிருக்கிறேன், பின்பக்கம் பார்.

எப்படி என்று கேட்பாய். இருபது நாளாக அந்த 'டிரைவரைப் புதுப்பி' என்ற வார்த்தைதான் என்னை ஏமாற்றியது. புதுப்பி, புதுப்பி என்று அழுத்திக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் 'மிகச் சிறந்த டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது' என்று சொல்லியது. மிகச் சிறந்ததாம், ஓடத்தான் ஓடாது. புதன்கிழமை எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் சிறந்தவன் என்று நீ எப்படிச் சொல்கிறாய், நான் பார்க்கிறேன் என்று அடுத்த வரியை அழுத்தினேன். நானே தேர்ந்தெடுக்கும் வரி. ஒரே பெயரில் இரண்டு பேர் நின்றார்கள். மேலே ஒருவன், நேற்று வந்தவன். கீழே ஒருவன், என் கேபிளின் வயதுக்காரன். இத்தனை நாளும் அங்கேதான் இருந்திருக்கிறான். யாரும் கூப்பிடவில்லை, அவனும் போகவில்லை.

கீழே இருந்தவனை எடுத்தேன். கணினி எச்சரித்தது, இது பொருந்தாமல் போகலாம், பரிந்துரைக்கவில்லை என்று. சரி என்று அழுத்தினேன். முக்கோணம் மறைந்தது. வெட்டும் இயந்திரம் தலையை ஒரு முறை இடமும் வலமும் ஆட்டிவிட்டு நின்றது. எழுந்தவுடன் எப்போதும் அப்படித்தான் செய்யும்.

நேற்றுக் காலையில் திறந்தால் முக்கோணம் மறுபடி உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸ் என்னைக் கேட்காமல் தானாகவே புதியவனைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. உன் உறவுதான் போல. மறுபடி கீழே இருந்தவனை எடுத்தேன். சாதனங்களுக்குத் தானாக டிரைவர் இறக்கும் அமைப்பைத் தேடிப் பிடித்து 'வேண்டாம்' என்று வைத்தேன். நேற்றிலிருந்து கணினியை ஆறு முறை அணைத்து எழுப்பிவிட்டேன். அவன் அசையவில்லை.

பிறகு உன் அப்பா பெயரை வெட்டினேன். விண்டோஸ் பக்கத்தில். இத்துடன் ஓர் எழுத்து வைத்திருக்கிறேன். 'செ'. சிலுவைக்கு வெட்டியது வேறு, இது உனக்காக இன்னொரு முறை வெட்டியது. கொம்பு எங்கே இருக்கிறது என்று பார்.

நவம்பர் இரண்டாம் தேதி காலை ஏழு மணிக்குக் கல்லறையில் இருப்பேன். நீயும் வருவாய்.

சூசையம்மாள்

பி.கு.: உறையை மூடும் நேரத்தில் தபால் வந்தது, உன்னுடையதாக்கும் என்று பிரித்தேன். மின்சாரப் பில்.


ஜொகூர் பாரு,
3 நவம்பர் 2025

அம்மா,

நேத்து கல்லறைல நாம பேசிக்கல. நீங்க மெழுகுவத்திய நீட்டினீங்க, நான் வாங்கி ஏத்தினேன், அவ்ளோதான். அதனால எழுதறேன்.

ரெண்டு லெட்டரும் நடுவுல எங்கயோ தாண்டிப் போயிருக்கு. நான் வழி எழுதினதுக்கு மொத நாளே நீங்க பண்ணிட்டீங்க. செல்லம் அக்கா கையெழுத்தப் பாத்தேன். நான் தோத்துட்டேன். சனிக்கெழம சிமெண்டோட வரேன். நானேதான் போடுவேன். இதுவரைக்கும் போட்டதில்ல, வீடியோ பாத்துக்கிட்டிருக்கேன்.

அப்பா சிலுவையப் பாத்தேன். சுத்தி இருந்த சிலுவையெல்லாம் உங்க எழுத்துதான். மொத வரிசைலேர்ந்து கடைசி வரைக்கும் நடந்து பாத்தேன். லாரிக் கதவுல இருந்த அதே 'செ'. சின்னப் புள்ளைல அந்தக் கொம்புமேல வெரல வச்சு இழுத்து விளையாடுவேன், ஞாபகம் இருக்கா? பெயிண்ட் காயறதுக்கு முன்னால ஒரு தடவ தொட்டு, அப்பா தொரத்தினாரு.

ஒண்ணு சொல்லிடறேன், அப்பறம் நீங்களா கண்டுபிடிச்சா இன்னும் திட்டுவீங்க. நேத்து மத்தியானம் நீங்க ஃபாதருக்குச் சாப்பாடு கொண்டு போனப்ப கம்ப்யூட்டர ஆன் பண்ணேன். ஒண்ணும் மாத்தறதுக்கு இல்ல. நீங்க பண்ணத சும்மா பாக்கலாம்னு. F2 அடிச்சேன். அப்பா லாரி நம்பர் போட்டேன். தப்புன்னு சொல்லுச்சு.

அட்ரியன்


பாலோ,
10 நவம்பர் 2025

அட்ரியனுக்கு,

தெரியும். தவறான கடவுச்சொல்லை மூன்று முறை போட்டால் அந்தத் திரை பூட்டிக்கொள்ளும். நான் திரும்பி வந்தபோது பூட்டிக்கொண்டு நின்றது. நீ "போட்டேன்" என்று ஒருமையில் எழுதியிருக்கிறாய். மூன்று முறை போட்டிருக்கிறாய்.

நீ ஒப்புக்கொண்ட கடிதம் வந்த அன்றே கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். என்ன என்று கேட்காதே. உன் அப்பாவின் லாரி எண்ணை அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வழி எழுதிய உன் அக்டோபர் கடிதம் இருபத்தெட்டாம் தேதி வந்தது. முழுவதும் படித்தேன். நீ சொன்ன வழி சரி. ஒரு படியை விட்டுவிட்டாய்: தானாக இறங்குவதை நிறுத்தச் சொல்லவில்லை. உன்னை மட்டும் நம்பியிருந்தால் மறுநாளே முக்கோணம் வந்திருக்கும், நான் இப்போது உன் அடுக்குமாடியில் பன்னிரண்டாவது மாடியிலிருந்து கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆபீஸில் போய் அந்த மெஷினைச் சரிபார்.

மூன்று நாள் பாக்கெட்டில் வைத்திருந்தாய். நாலாவது நாள் போட்டாய். இரண்டையும் நான் மறக்க மாட்டேன். அபிகெயிலிடம் நான் கேட்டதாகச் சொல்.

நீ சனிக்கிழமை போட்ட சிமெண்டு காய்ந்துவிட்டது. சொரசொரப்பு போதுமானது. வெறுங்காலோடு தண்ணீர் ஊற்றி நடந்து பார்த்தேன், நன்றாகப் பிடிக்கிறது. வாட்டம்தான் தப்பு. தண்ணீர் சாக்கடைக்குப் போகாமல் செல்லம் வீட்டு வேலிக்குப் போகிறது. "உங்க மகன் எனக்குக் குளம் வெட்டிக் குடுத்துட்டுப் போயிருக்காரு" என்கிறாள். வீடியோ பார்த்துப் போட்டது அவ்வளவுதான் வரும். கிறிஸ்துமஸுக்கு வரும்போது ஓரத்தை உடைத்துச் சரி செய்துவிட்டுப் போ.

நான் விழுந்தால் என்ன செய்வது என்று நீ கேட்கவில்லை, ஆனால் அதைத்தான் ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டாய். பதில் சொல்கிறேன். தினமும் காலை எட்டு மணிக்கு கணினியைத் திறந்ததும் அது உன் போனுக்கு ஒரு வரி அனுப்பும்படி நானே எழுதி வைத்திருக்கிறேன். லினக்ஸில் நான்கு வரி வேலை. நாளையிலிருந்து வரும். "எழுந்துவிட்டேன்" என்று மட்டும் இருக்கும். எட்டரைக்குள் வரவில்லை என்றால் செல்லத்துக்குப் போன் செய். அவளிடம் சாவி கொடுத்திருக்கிறேன். வந்துவிட்டால் நீ எனக்குப் போன் செய்யாதே, நான் வேலையில் இருப்பேன்.

உன் புது விண்டோஸை நான் அழிக்கவில்லை. பிள்ளையின் முகம் அதில் தெளிவாகத் தெரிகிறது. அது கீழே இருக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு வந்து நீ கணினியைத் திறக்கலாம், நானே தருகிறேன். பட்டியல் பத்து வினாடி காத்திருக்கும். உன் பக்கம் வேண்டுமானால் அதற்குள் கீழ் அம்பை அழுத்து. எதையும் தொடாமல் இருந்தால் நான் வைத்ததுதான் ஓடும்.

சூசையம்மாள்